மாஸ்க்கின் உள்பக்கம்

கீழக்குயில்குடி
8.1.2022

மாதங்கிக்கு,

உன் மாஸ்க்கின் உள்பக்கத்தில் ஒரு கடுகு ஒட்டியிருந்தது.

நேற்று தல்லாகுளத்தில் உங்கள் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, தும்மல் வந்து மாஸ்க்கைக் கீழே இழுத்தாய். அப்போதுதான் பார்த்தேன். கடுகைச் சுற்றி மஞ்சளாகக் கொஞ்சம் எண்ணெய் ஊறியிருந்தது. எலுமிச்சம்பழச் சாதமாக இருக்கும். நீ உடனே மேலே இழுத்துவிட்டாய்.

நேற்று வெள்ளிக்கிழமை.

நான் எதுவும் கேட்கவில்லை. நேரில் கேட்க எனக்கு வராது, உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தோம். அட்டென்டன்ஸ் எடுக்கும்போது என் குரல் டீச்சருக்குக் கேட்காது. எனக்கும் சேர்த்து நீதான் "வந்திருக்கா மிஸ்" என்று சொல்வாய். பெரியார் ஸ்டாண்டில் பஸ் மாறி, நாகமலை தாண்டி ஊர் வரும் வரைக்கும் அந்தக் கடுகையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது என்று போன ஆடியில் நீதான் எழுதினாய். "என்றைக்காவது எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றுவார்கள். அன்றைக்கு நம் இரண்டு பேரையும் யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாது" என்று எழுதியிருந்தாய். எனக்கு அந்த வரி மனப்பாடம். உங்கள் வீட்டில் விரதம் என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள், எங்கள் வீட்டில் கேட்பார்கள், அதனால் நான் ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினாய். இன்று வரைக்கும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் கிளம்பும்போது உன் அம்மா வாசல்படிக்கு உள்ளே நின்றபடி என் கையில் வாழைப்பழமும் திருநீறும் போட்டார். "கொழந்தே, நீ நன்னா இருப்பே. எல்லாம் நீ பண்ற புண்ணியம்தான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் என்ன புண்ணியம் செய்தேன்? நீ அப்போது செருப்பு அடுக்கும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

என் புருவத்துக்கு மேலே இருந்த பிளாஸ்திரியைப் பற்றிக் கேட்டாய். கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். அது பொய். அதைச் சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். கடுகைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை.

அந்தக் கடுகு எப்படி வந்தது என்று மட்டும் எழுது.

பாண்டீஸ்வரி


தல்லாகுளம்
11.1.2022

அன்புள்ள பாண்டீஸ்,

ஒரு கடுகுக்கு இவ்வளவு பெரிய கடிதமா? சிரித்துவிட்டேன். அன்றைக்கு அப்பாவுக்கு நான்தான் எலுமிச்சம்பழச் சாதம் தாளித்துக் கொடுத்தேன். புகை எனக்கு ஆகாது என்று மாஸ்க்கோடுதான் அடுப்படியில் நிற்பேன். தெறித்திருக்கும். இதற்குப் போய் என்னைச் சந்தேகப்படுவாயா? உனக்காக ஐந்து வருஷம் "வந்திருக்கா மிஸ்" சொன்னவள் நான்.

அம்மா எல்லோரையும் அப்படித்தான் வாழ்த்துவாள். அதற்கெல்லாம் அர்த்தம் தேடாதே.

உன்னைப் பார்த்துவிட்டு எனக்கு நாலு நாளாகப் பொறாமை. மாஸ்க்குக்கு மேலே உன் கன்னத்து எலும்பு தெரிகிறது. கழுத்து நீளமாகிவிட்டது. நீ வாசலில் நின்றபோது யாரோ என்று நினைத்தேன். என்னைப் பார்த்தாயா? கன்னம் மாஸ்க்கின் ஓரத்தில் பிதுங்குகிறது. இல்லை என்று எழுதாதே. எனக்குத் தெரியும்.

உனக்குப் போன் இல்லாதது எவ்வளவு நல்லது என்று உனக்குப் புரியாது. ஆன்லைன் கிளாஸில் ஒரு வருஷம் முழுக்க ஒரு சின்னக் கட்டத்துக்குள் என் மூஞ்சியையே பார்த்தேன். அதற்கு முன்னால் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன்? தலை வாரும்போது, பொட்டு வைக்கும்போது, அவ்வளவுதான். கிளாஸில் மிஸ் போர்டில் எழுதுவார். நான் என் தாடையைப் பார்ப்பேன். குனிந்தால் இரண்டாகத் தெரியும். நிமிர்ந்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தால் "மாதங்கி, கவனம் எங்கே?" என்பார்கள். அப்புறம் பெங்களூர் சித்தி வீடியோ காலில், "என்னடி, லாக்டவுன்ல நன்னா ஊதிட்டே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிரிப்பு. அதில் என் கட்டமும் இருந்தது. அதுவும் சிரித்துக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அப்படித்தான் ஆரம்பித்தது.

பொங்கலுக்குக் கோயில்களை மூடப்போகிறார்களாம். அப்பாவுக்கு இப்போதே போன் வர ஆரம்பித்துவிட்டது. பெயர், நட்சத்திரம் சொல்லி, "எங்களால வர முடியாது சாமி, எங்களுக்காக நீங்க பண்ணிடுங்கோ" என்கிறார்கள். அப்பா எல்லோருக்காகவும் அர்ச்சனை செய்கிறார்.

விட்டுவிடாதே பாண்டீஸ். நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் இருக்கிறேன். திருநீறு வைத்திருக்கிறேன், பூசிக்கொள்.

உன்
மாதங்கி


கீழக்குயில்குடி
18.1.2022

மாதங்கிக்கு,

தாளிக்கும்போது தெறிக்கிற கடுகு மாஸ்க்கின் வெளிப்பக்கம் ஒட்டும்.

கதவில் இடிக்காத கதையை எழுதுகிறேன்.

பதினொன்றாம் வகுப்பு போனில் நடந்தது. எங்கள் வீட்டில் இருந்த ஒரே போன் காலையில் சிவக்குமார் அண்ணனோடு வேலைக்குப் போய்விடும். அதோடு என் படிப்பும் போனது. அம்மா என்னைக் கப்பலூரில் பிளாஸ்டிக் டப்பா செய்கிற கம்பெனியில் சேர்த்துவிட்டாள். டப்பாவுக்கு மூடி போட்டு, அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. முதல் நாள் பயந்துகொண்டேதான் போனேன். ஆனால் அங்கே எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தார்கள்.

ஸ்கூலில் என்னைத் தேங்காய்த் துருவி என்று கூப்பிடுவார்கள். நீ கூப்பிட்டதில்லை. என் பல்லுக்கு அந்தப் பெயர் சரிதான். பேசும்போது கையால் வாயை மூடி மூடி என் கை அங்கேயே நிற்கும். கம்பெனியில் கை கீழே இறங்கியது. இரண்டு கையும் வேலைக்குக் கிடைத்தது. பக்கத்தில் பேக்கிங் செய்கிற சோலையம்மாள் அக்கா, "ஏய் புள்ள, ஒனக்குக் கண்ணு நல்லாருக்குடி" என்றார். என் முகத்தில் ஒன்று நல்லா இருக்கிறது என்று அதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. இரண்டு பெட்டியை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போனால், "இந்தா வருது பாரு, எங்க லோடு லாரி" என்று சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. என் தோள் எதற்கு இப்படி அகலமாக இருக்கிறது என்று அழுதிருக்கிறேன். அங்கேதான் அது எனக்குப் பிடித்தது.

அதை உனக்குச் சந்தோஷமாக எழுதினேன். "பல்லை ஒன்றும் செய்ய முடியாது, தோளையாவது குறைக்கலாம், என்னோடு சேர்ந்து விரதம் இரு" என்று பதில் போட்டாய்.

மத்தியானம் மட்டும் எனக்குப் பழைய பயம். சாப்பிட மாஸ்க்கைக் கழற்ற வேண்டுமே. அதனால் ஒருவரோடும் உட்கார மாட்டேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தகரச் செட்டுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன். அது நம் விரதத்துக்கு வசதியாகப் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் அம்மா கட்டிக் கொடுத்த சோற்றை அங்கே இருக்கிற நாய்களுக்குப் போட்டுவிட்டு, வாளியைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவேன்.

நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, பெட்டியைத் தூக்கும்போது கண் இருட்டியது. இரும்பு ஸ்டாண்டில் நெற்றி மோதியது. மூன்று தையல். ஆஸ்பத்திரியில் டாக்டர், "வயிறு காலியா இருக்கு, சாப்பிடாம இருந்திருக்கா" என்று அம்மாவிடம் சொன்னார்.

"காலையில நான் கட்டிக் குடுத்த சோறு எங்கடி?" என்று அம்மா கேட்டாள்.

சோலையம்மாள் அக்கா கெட்டவர் இல்லை. பார்த்ததை அம்மாவிடம் சொன்னார். "செவ்வாயும் வெள்ளியும் இது வாளியத் தூக்கிட்டுப் பின்னாடி போகும், வெறும் வாளியோட வரும். யாரு தின்னுட்டுப் போறான்னு எங்களுக்குத் தெரியல ஜெயக்கொடி."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "எவனுக்குடி குடுத்த? எஞ்சோத்த எவன்டி தின்னான்?"

நாய் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் உன்னைச் சொல்ல வேண்டும். சத்தியம் செய்திருக்கிறேனே. அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நான் பேசாமல் நின்றதையே அம்மா பதிலாக எடுத்துக்கொண்டாள். இப்போது வேலைக்கு அனுப்பவில்லை. "இவள வீட்டுல வச்சுக்கிட்டு இருக்க முடியாது, மாமா மகனுக்குப் பேசி முடிங்க" என்று அண்ணன் சொல்கிறான். அப்பா தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார். என்னைக் கடைக்குக் கூடத் தனியாக அனுப்புவதில்லை. அன்றைக்கு உன் வீட்டுக்கு வந்ததும் அண்ணனோடுதான். தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காவல் நின்றான். நான் பொய் சொல்லி யாரையாவது பார்த்துவிடுவேனாம். திரும்பும்போது, "பஸ்ல வா, எவன் வாரான்னு பாக்கப் பின்னாடியே வாரேன்" என்றான். வீடு வரைக்கும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தான்.

உன்னிடம் இதுவரைக்கும் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வா. சமணர் மலை ஸ்டாப்பில் இறங்கினால் அம்மாவோடு வந்து கூட்டிப் போவேன். என் அம்மாவிடம், "சாப்பிடாம இருக்கச் சொன்னது நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் நம்ப மாட்டாள். படிக்கிற பிள்ளை நீ சொன்னால் நம்புவாள்.

அட்டென்டன்ஸ் மாதிரி நினைத்துக்கொள். ஒரு வார்த்தைதான்.

பாண்டீஸ்வரி


தல்லாகுளம்
27.1.2022

பாண்டீஸ்,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் சாப்பிட்டேன். அன்றைக்கு மட்டும் இல்லை.

செப்டம்பரில் ஸ்கூல் திறந்ததும் பிரேயரில் விழுந்துவிட்டேன். எனக்கு அடி ஒன்றும் படவில்லை, பின்னால் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். லேடி டாக்டர் எடை பார்த்துவிட்டு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அன்றிலிருந்து அம்மா என் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு கவளமாகப் பிசைந்து கையில் போடுகிறாள். முழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். முதலில் அழுவேன். அப்புறம் பழகிவிட்டது. அப்புறம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பசித்தது.

உனக்கு எழுத உட்கார்ந்தேன். அன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது. "இந்த வெள்ளியும் முடிந்தது. தலை மட்டும் சுற்றுகிறது. நீ எப்படி இருக்கிறாய்?" என்று எழுதியிருந்தாய். நான்தான் உன்னை இழுத்துவிட்டேன், நானே முதலில் விட்டேன் என்று எப்படி எழுதுவேன்? நானும் இருக்கிறேன் என்று எழுதிவிட்டேன். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே எழுதினேன்.

இதற்கு மேல் எழுதுவதைப் படித்தால் நீ என்னை வெறுத்துவிடுவாய். பரவாயில்லை.

கொஞ்ச நாளில் அந்தக் குற்ற உணர்ச்சியும் போய்விட்டது. நீ அங்கே இருக்கிறாய், அதனால் விரதம் முறியவில்லை என்று தோன்ற ஆரம்பித்தது. கோயிலுக்கு வர முடியாதவர்களுக்காக அப்பா பெயர் நட்சத்திரம் சொல்லிச் செய்கிறாரே, பலன் அவர்களுக்குப் போகிறதே, அது மாதிரி. நான் சாப்பிட்டாலும் எனக்காக நீ இருக்கிறாய். வெள்ளிக்கிழமை சாப்பிட்டு எழுந்ததும் உன்னை நினைப்பேன். வயிறு லேசாகிவிடும். இதை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். எங்கள் வீட்டில் வளர்ந்தவளுக்கு இது பைத்தியமாகப் படவில்லை.

ஒரு நாள் அம்மா, "அந்தப் பொண்ணு வாராவாரம் என்னடி எழுதறா?" என்று கேட்டாள். பிடுங்கிப் படித்துவிடுவாளோ என்று பயந்து, "எனக்கு உடம்பு சரியாகணும்னு செவ்வாய், வெள்ளி பட்டினி கெடக்கறாம்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா உட்கார்ந்து அழுதாள். அப்பாவிடம் சொல்லி உன் பெயரில் வாரம் ஒரு அர்ச்சனை வைக்கிறாள். உன் நட்சத்திரம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன், ரோகிணி என்று. நான் உனக்கு அனுப்புகிற திருநீறு அந்த அர்ச்சனைத் திருநீறுதான்.

அன்றைக்கு வாசலில் அம்மா சொன்ன புண்ணியம் இதுதான்.

உன் வீட்டுக்கு என்னால் வர முடியாது. அம்மாவிடம் என்ன சொல்லிவிட்டு வருவேன்? உன் அம்மா என் அம்மாவிடம் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும். இப்போதுதான் அவள் எதிரில் உட்காராமல் என்னைச் சாப்பிட விடுகிறாள். மறுபடி முதலில் இருந்தா? இந்தக் கடிதத்தை உன் அம்மாவிடம் படித்துக் காட்டு. அது போதுமே. முடிந்தால் என் பெயரை மட்டும் சொல்லாமல் படி.

என்னை மன்னிப்பாயா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. நெற்றியில் தழும்பு விழுமா?

மாதங்கி


கீழக்குயில்குடி
8.2.2022

மாதங்கிக்கு,

தழும்பு விழும் என்று தையல் பிரித்த நர்ஸ் சொன்னார். மாஸ்க் போட்டாலும் தெரிகிற இடம்.

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை. எனக்குப் பதிலாக இன்னொருவர் வாயால் சொல்லிச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறேன். அதனால் நானே சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆடியில் இருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். என் பல், என் தோள், நாய்கள், சத்தியம். உன் பெயரையும் சொன்னேன்.

"அந்தத் தல்லாகுளத்துப் புள்ளயா? வாசல்ல நின்னே பேசிட்டு வருவியே, அதா?" என்றாள். கொரோனா வந்ததால் எல்லோரையும் வாசலோடு நிறுத்துகிறார்கள் என்று நீ ஒரு தடவை வருத்தப்பட்டு எழுதினாய். அதற்கு முன்னாலும் நான் வாசல் வரைக்கும்தான் வந்திருக்கிறேன். அம்மா கேட்டபோதுதான் அது ஞாபகம் வந்தது.

அம்மா நம்பினாளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "சோறு வேண்டாம்னு எவளாச்சும் நாய்க்குப் போடுவாளா?" என்று மட்டும் கேட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் வழக்கம்போல வாளியில் சோறு கட்டினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலூருக்குப் பஸ் ஏறினாள். கேட்டில் சூப்பர்வைசர் முத்துப்பாண்டி அண்ணன் நின்றார். "ஒரு நிமிசம் உள்ள போயிட்டு வாரேன்ணே" என்று சொல்லிவிட்டு, என்னைச் செட்டுக்குப் பின்னால் கூட்டிப் போனாள். சோலையம்மாள் அக்காவும் இன்னும் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள்.

அம்மா வாளியை என் கையில் கொடுத்து, "நில்லுடி" என்றாள்.

நான் நின்றேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பழக்கமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்து செவலை நாய் வந்தது. அப்புறம் ஒரு காது மடங்கிய கறுப்பு. அப்புறம் குட்டிகளோடு இன்னொன்று. இத்தனை பேர் நின்றும் யாரையும் பார்க்காமல் நேராக என் காலடியில் வந்து உட்கார்ந்து, வாளியைப் பார்த்துக்கொண்டு வாலை ஆட்டின.

அம்மா குனிந்து அந்தச் செவலையின் முதுகைத் தடவினாள். "என்னா கொழுப்புக் கொழுத்துக் கெடக்கு பாரு, எம்மக சோத்துல" என்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

சோலையம்மாள் அக்கா, "அட நாசமாப் போற நாயே, ஒன்னாலதான் நான் பேச்சு வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா நெனச்சுட்டேன் ஜெயக்கொடி." அம்மா கையை உதறவில்லை. முத்துப்பாண்டி அண்ணன் நேற்று முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். மாமா மகன் பேச்சை சிவக்குமார் அண்ணன் எடுத்தான். "மொதல்ல அவ சாப்புடட்டும்டா" என்று அம்மா சொன்னாள். அதோடு நிற்கிறது. முழுசாக நின்றதா என்று தெரியாது.

நாய்கள் எனக்காக வந்தன. நீ வரவில்லை. இதைக் குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை. உன்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும்தான் சேர்ந்து வருகிறது.

நீ சாப்பிட்டது எனக்குக் கோபம் இல்லை. உனக்குப் பசித்தது என்று படித்தபோது நல்லவேளை என்று நினைத்தேன். ஆனால் நான் தலைசுற்றி நின்ற வெள்ளிக்கிழமைகளில் என்னை நினைத்து உன் வயிறு லேசானது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில், மூடி போடும்போது, தலைக்குக் குளிக்கும்போது எல்லாம் அது வருகிறது.

உன் அப்பாவிடம் சொல்லி என் பெயரில் செய்கிற அர்ச்சனையை நிறுத்திவிடு. என் நட்சத்திரம் பரணி. ஐந்து வருஷம் ஒரே பெஞ்சில் இருந்தோம். இதுவரை எனக்கு வந்த திருநீறு எல்லாம் யாரோ ஒரு ரோகிணிக்காரிக்கு. அதை ஒரு தாளில் மடித்து இதோடு வைத்திருக்கிறேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மணி அடித்ததும் வாளியை எடுத்தேன். கால் பழக்கத்தில் செட்டுக்குப் பின்னால் திரும்பியது. நின்றேன். அப்புறம் சோலையம்மாள் அக்காவும் மற்றவர்களும் வட்டமாக உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன். அக்கா நகர்ந்து இடம் விட்டார். நாய்கள் தொட்டிப் பக்கம் வந்து நின்று என்னைப் பார்த்தன. நான் மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்தேன். வாளியில் இருந்த சோற்றை முழுவதும் நானே சாப்பிட்டேன்.

பாண்டீஸ்வரி